'இழைமணி நச்சு' வேண்டாம். வேறு சொல் தேடுவோம்

அன்பர்களுக்கு வணக்கம்.

நாள்பட அன்ரிபயோட்டிக் எடுப்போரின் இழைமணிக்கு நேரும் பாதிப்பை எப்படிச் சுருங்கச் சொல்வது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். (கலத்துக்குள், அதாவது செல்லுக்குள், இருந்து அதற்குச் சக்தி ஆக்கித்தரும் நுண்ணுறுப்பு அது. தமிழக அன்பர்கள் மைட்டோகாண்ட்ரியா என்றே வாசித்துக்கொள்ளுங்கள், எங்கள் பாடப்புத்தகத்தில் அது இழைமணி.) 'இழைமணி நச்சுத்தன்மை' என்று மூவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. இழைமணியே நஞ்சு என்பதுபோலத்தான் முதலில் காதில் விழுகிறது. போதாததற்கு, வன்னியில் நஞ்சு என்றதும் கண்முன் வருவது கூரையில் செருகி வைத்த பூச்சிமருந்துப் போத்தல். குளிசையோடு (மாத்திரையோடு) கொடுக்கும் துண்டில் அச்சொல்லைக் கண்டால் மறுநாளே குளிசையை நிறுத்திவிடுவார்கள்.

என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஒருவர் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறார். பல மருந்துகளுக்கு மசியாத காசநோய். லினசோலிட் என்ற அன்ரிபயோட்டிக் தொடங்கி நான்காம் மாதம். வரம்பால் நடந்து வந்தவர், ஒரு செருப்பு கழன்றது தெரியாமலே வீடு சேர்ந்திருக்கிறார்.

பற்றீரியாவுக்குள் புரதம் ஆக்கும் இறைபோசோமைப் (ரைபோசோமை) பிடித்துப் புரத ஆக்கத்தை நிறுத்துவதே அம்மருந்தின் வேலை. இழைமணியோ பற்றீரியா வழிவந்தது. 13 புரதங்களைத் தன் சொந்த இறைபோசோமில்தான் ஆக்கிக்கொள்கிறது. மருந்து அதையும் பிடித்துவிடுகிறது. பழைய புரதம் தேய்கிறது, புதியது வருவதில்லை, கலத்துக்குச் சக்தி குறைகிறது. குருதிக் கலங்கள் சில வாரங்களிலேயே குறையலாம். கால் நரம்பும் பார்வை நரம்பும் பெரும்பாலும் 28 நாள் தாண்டிய பிறகே பாதிப்பைக் காட்டும். சிலருக்குக் குருதியில் இலற்றிக்கமிலம் (லாக்டிக் அமிலம்) ஏறும்.

இவ்வளவையும் விளக்கிய பின் அவர் கேட்டார்: "அப்போ, புல்லுக்கு அடித்தது நெல்லிலும் பட்டுவிட்டதோ?" புல்லும் நெல்லும் ஒரே குடும்பம். நான் மூச்சுவிடாமல் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

அந்த வயலிலிருந்தே சொல்லை எடுக்கிறேன்: 'இழைமணி நலிவு'. மருந்து பட்ட பயிர் ஒரே நாளில் கருகினால் அது வேறு கதை. இது நிறம் மங்கி, வளர்ச்சி நின்று, மெல்ல மெல்ல நலிவது.

கிளிநொச்சியிலிருந்து

*

தம்பி,

'நலிவு' நல்ல சொல். ஆனால் ஊசியாகப் போடும் அன்ரிபயோட்டிக்கான ஸ்ரெப்ரோமைசினை எங்கே வைப்பீர்கள்? இழைமணி டி.என்.ஏ.யில் 1555ஆம் இடத்தில் மாற்றம் உள்ளவர்களுக்குச் சில ஊசிகளோடே காது போய்விடக்கூடும். தாய்வழி வரும் மாற்றம் அது. அதையும் மெல்ல நலிவது என்பீர்களா? இன்னொன்று, முதுமையாலும் இழைமணி நலியும். உங்கள் சொல்லில் மருந்தின் கை தெரியவில்லை.

மாங்குளத்திலிருந்து

*

ஐயா,

காது விடயத்தில் தோற்றேன். 'இழைமணி ஊறு' பொதுச்சொல்லாக இருக்கட்டும். ஊசி, குளிசை, விரைவு, மெதுவு எல்லாம் அதில் அடங்கும். நாள்பட எடுப்பதால் வருவதை மட்டும் 'மருந்துவழி இழைமணி நலிவு' என்போம். நீளம்தான், ஆனால் மருந்தின் கை தெரிகிறது.

துண்டில் அதன் கீழ் இப்படிச் சேர்க்கிறேன்: "கால் விறைத்தால், நிறங்கள் மங்கினால், குளிசையை நீங்களாக நிறுத்தாமல் உடனே கிளினிக்குக்கு வாருங்கள்." 'மரத்தால்' என்று திருத்தும்படி ஒருவர் சொல்கிறார். இங்கே யாரும் கால் மரத்தது என்று வந்து நான் கேட்டதில்லை. விறைப்பு என்றுதான் வருகிறார்கள். விறைப்பையே விடட்டுமா?