புராஸ்டேட் ஆபரேஷன் ரிப்போர்ட்டில் மார்ஜின் பாசிட்டிவ்: நோய் திரும்புமா என்று எதைப் பார்த்துச் சொல்வது?

யூரோ_பிஜி:
வயது 64, ஆபரேஷனுக்கு முன் பிஎஸ்ஏ (ரத்தத்தில் அளக்கும் புராஸ்டேட் புரதம்) 8.4. புராஸ்டேட்டை முழுதாக எடுத்தாயிற்று. கிளீசன் (கேன்சரின் தீவிரத்துக்கான தரம்) 3+4, அதாவது பேட்டர்ன் 3 அதிகம், அதைவிடத் தீவிரமான 4 குறைவு; பிடி3ஏ (கட்டி புராஸ்டேட்டை விட்டு வெளியே வந்த நிலை), விந்துப்பையிலும் நெறிக்கட்டிகளிலும் கேன்சர் இல்லை, மார்ஜின் பாசிட்டிவ் (வெட்டிய விளிம்பில் கட்டி இருக்கிறது). நரம்பைச் சுற்றிப் பரவல் உண்டு. காப்ரா-எஸ் (ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பும் ஆபத்தைக் கணிக்கும் ஸ்கோர்) 5 வருகிறது. உடனே ரேடியேஷனுக்கு அனுப்பலாமா?

ஸ்லைடு_மேசை:
கணக்கு சரிதான்: பிஎஸ்ஏ 1, கிளீசன் 1, புராஸ்டேட்டை விட்டு வெளியே வந்ததற்கு 1, மார்ஜின் 2. 3 முதல் 5 வரை நடுத்தர ஆபத்து, 6 என்றால் உயர் ஆபத்து. கிளீசன் 4+3 ஆகியிருந்தால் இவரும் அங்கே போயிருப்பார். அதனால் பேட்டர்ன் 4 எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். 10 சதவீதத்துக்கும் 45 சதவீதத்துக்கும் 3+4 என்றுதான் எழுதுவோம், ஆனால் நோயின் போக்கு ஒன்றல்ல.

ஸ்கோரில் சேராத, ஆனால் மிக முக்கியமான விஷயம் கிரிப்ரிஃபார்ம் அமைப்பு: செல்கள் ஒரே திரளாகி நடுவே சல்லடைக் கண்கள். இதுவும் இன்ட்ராடக்டல் கார்சினோமாவும் (சுரப்பிக் குழாய்களுக்குள்ளேயே நிறைந்து வளரும் கேன்சர்) இருந்தால் நோய் திரும்பவும் பரவவும் வாய்ப்பு கூடும். ரிப்போர்ட்டில் ஒன்றும் எழுதாததை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஸ்லைடை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் பிரிக்க பி63 சாயம் உதவும். சுற்றிலும் பேசல் செல்கள் (இந்தச் சாயம் ஏற்கும், குழாயின் வெளி ஓரச் செல்கள்) மிஞ்சியிருந்தால் இன்ட்ராடக்டல் பக்கம்.

மார்ஜின் நீளம் 3 மி.மீ.க்குக் குறைவா, கூடவா? வெட்டு விளிம்பில் நாங்கள் பூசும் மையைக் கட்டி தொடும் இடத்தில் பேட்டர்ன் 3-ஆ, 4-ஆ? இவை இல்லாமல் வெறும் ‘பாசிட்டிவ்’ போதாது. கட்டி மையைத் தொட வேண்டும், 0.1 மி.மீ. தள்ளி நின்றாலும் நெகட்டிவ்தான். திசு வெடிப்புக்குள் மை இறங்கினால் பொய்யான பாசிட்டிவ் வரும். புராஸ்டேட்டின் கீழ்முனையான அபெக்ஸைக் கூம்பாக வெட்டி நெடுக்காகத் துண்டு போடாமல் மேலாகச் சீவி எடுத்தாலும் அப்படியே.

நரம்பைச் சுற்றிய பரவல் பெரும்பாலான புராஸ்டேட்களில் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கதிர்_ஆன்கோ:
மேலே சொன்னதோடு 6–8 வாரம் கழித்து எடுக்கும் பிஎஸ்ஏவும் வேண்டும். அதற்கு முன் எடுத்தால் பழைய பிஎஸ்ஏ முழுதும் வடிந்திருக்காது. அளவிட முடியாத அளவுக்கு இறங்கியிருந்தால் இவரைக் கண்காணிக்கலாம். ரேடியேஷனை உடனே கொடுத்தால் சிறுநீர்க் கசிவும் மூத்திரக்குழாய் அடைப்பும் கூடுகின்றன, உடனடி ரேடியேஷனையும் காத்திருப்பதையும் ஒப்பிட்ட ராடிக்கல்ஸ் ஆய்வும் அதைத்தான் காட்டியது. முதல் இரண்டு வருடம் 3–6 மாதத்துக்கு ஒருமுறை, ஒரே லேபில் பிஎஸ்ஏ பாருங்கள். 0.2 தொட்டு மறுபரிசோதனையிலும் உறுதியானால் நோய் திரும்பியதாகக் கணக்கு, 0.5 ஆகும்வரை காத்திருக்காதீர்கள். கிரிப்ரிஃபார்ம் இருந்தால் 0.2க்கு முன்பே, ஏறுமுகம் தெரிந்ததும் ரேடியேஷனுக்கு அனுப்புங்கள்.