கலைச்சொல் தேவை: பகலில் ஒன்றாகவும் இரவில் வேறாகவும் தெரியும் சேஜ் பச்சை

தே. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உட்சுவர்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். மெட்டாமெரிசம் என்ற ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. கையேட்டில் அது வரும் இடம் இதுதான்: ஒரு கம்பெனியின் சேஜ் பச்சை தீர்ந்துபோகிறது, அதே நிறத்தை இன்னொரு கம்பெனியின் பேஸில் (நிறமி சேர்க்காத அடிப்படைப் பெயின்டில்) கலக்கச் சொல்லி வாங்கி மீதிச் சுவரை முடிக்கிறார்கள். பகலில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரவில் மஞ்சள் விளக்கைப் போட்டால் ஒரு பாதி சாம்பல் பூத்தும் மறுபாதி மஞ்சளோடியும் தெரிகிறது, நடுவில் கோடு கிழித்தாற்போல.

இப்போதைக்கு 'நிறமாற்றம்' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. கூடவே சேஜ் பச்சைக்கும் ஒரு வழி சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு மென்பொருள் 'முனிவர் பச்சை' என்கிறது!

---

சா. எழுதியது:

முனிவரை முதலில் அனுப்பிவிடலாம். அந்தப் பச்சை சேஜ் என்கிற மூலிகையின் இலை நிறம். செடிப்பெயர் லத்தீன் சால்வியாவிலிருந்து வந்தது, ஞானியைக் குறிக்கும் சேஜ் வேறு வேர்ச்சொல்லிலிருந்து வந்தது, இரண்டுக்கும் உறவே இல்லை. 'சாம்பல் பச்சை' என்றால் போதும், அடிப்பவருக்குப் புரியும்.

'நிறமாற்றம்' மட்டும் வேண்டவே வேண்டாம். கடையில் நிறமி கலக்கும் டின்டிங் மெஷினோடு காலம் தள்ளுகிறவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் வேலையில் நிறம் மாறியது என்றால் வெயிலில் வெளுத்தது, அல்லது ஈரத்தில் ஒன்றாக இருந்து காய்ந்தபின் கருத்தது. இங்கே எதுவும் மாறவில்லை. இரண்டு டப்பாவிலும் வேறு வேறு நிறமிகள். ஒரு கம்பெனி தாலோ பச்சை என்கிற நிறமியைத் துளி போட்டு, மஞ்சள் ஆக்சைடும் கருப்பும் சேர்த்து அடக்கும். இன்னொரு கம்பெனி குரோமியம் ஆக்சைடு பச்சையையே எடுத்துக்கொள்ளும். எந்த அலைநீளத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் வரைந்து பார்த்தால் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். டி65 என்கிற பகலொளிக் கணக்கில் வித்தியாசம் ஏறக்குறைய சுழியம். 2856 கெல்வின் டங்ஸ்டன் விளக்குக் கணக்கில் பார்த்தால் டெல்டா ஈ என்கிற நிற வித்தியாச எண் குதித்துவிடும்.

சாம்பல் பச்சையில் இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். அடர் பச்சையில் கொஞ்சம் சாய்ந்தால் கண் மன்னித்துவிடும். இது சாம்பலுக்குப் பக்கத்தில் நிற்கும் நிறம், இம்மி சாய்ந்தாலும் பச்சை போய்ச் சாம்பல் என்றோ மஞ்சள் என்றோ கண் சொல்லிவிடும்.

---

மே. எழுதியது:

மெட்டாமெரிசத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது. பள்ளி வேதியியலில் 'இணைமாற்றியம்' என்று நடத்துகிறோம். மாற்றியம் (ஐசோமெரிசம்) என்ற குடும்பத்தில் அது ஒரு பிள்ளை. ஒரே மூலச்சொல்லுக்குத் துறைக்கொரு தமிழ்ச்சொல் செய்துகொண்டே போனால் மாணவர்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்?

---

சா. எழுதியது:

அம்மா, விலங்கியலிலும் இதே சொல் இருக்கிறது, மண்புழுவின் உடல் வளையம் வளையமாக இருப்பதற்கு. அங்கே நீங்களும் 'இணைமாற்றியம்' என்று சொல்ல மாட்டீர்கள், உடற்கண்டம் என்றுதான் சொல்வீர்கள். வேர் ஒன்று என்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. ஏணிமேல் நிற்பவரிடம் 'மாற்றியம்' என்றால் டப்பாவை மாற்றச் சொல்கிறோம் என்று நினைப்பார்.

---

பு. எழுதியது:

நண்பர்களே, சாம்பல் பச்சை என்று இவ்வளவு எளிதாகக் கைகழுவ வேண்டாம். பசு என்னும் அடியை எண்ணிப் பாருங்கள். பசுமை, பச்சை, பாசி, பாசிலை (ஆதி நீடல், அதாவது முதலெழுத்து நீள்வது; நன்னூலின் 'ஈறுபோதல்' நூற்பா உங்களுக்கு நினைவிருக்கும்), பைங்கொடி, பயிர்வரை ஒரே கொத்து. அதே அடியில்தான் பசலையும் பசப்பும். பிரிந்த தலைவியின் மேனியில் படரும் அந்த வெளிறிய நிறம் சாம்பல் கலந்த பச்சையே என்பது என் துணிபு. பரணர் குறுந்தொகையில் அதை ஊருணிக் கேணியின் பாசிக்கு ஒப்பிடுகிறார்: தொடுந்தோறும் விலகும், விட்டால் வந்து மூடிக்கொள்ளும். ஆகவே நிறத்துக்குப் 'பசலைப் பச்சை'.

அதோடு நிற்கவில்லை. வள்ளுவர், 'விளக்கற்றம் பார்க்கும் இருளேபோல் கொண்கன் முயக்கற்றம் பார்க்கும் பசப்பு' என்கிறார். விளக்கு எப்போது நீங்கும் என்று பார்த்திருந்து தலைகாட்டும் வேறுபாடு! நம் சுவரில் நடப்பது வேறென்ன? இன்றைய வழக்கிலும் பசப்புதல் என்றால் ஒப்பனையாய்ப் பேசி ஏமாற்றுதல். ஆகவே இந்த நிகழ்வுக்குப் 'பசப்புப் பொருத்தம்' என்பது என் முன்மொழிவு. நிறச்சொல் பண்பையும் உணர்வையும் ஒருசேரச் சுமப்பது நமக்குப் புதிதன்று. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று சொன்ன தொல்காப்பியர், அடுத்த நூற்பாவிலேயே அவை நிறத்தையும் உணர்த்தும் என்றார்.

---

மே. எழுதியது:

புலவர் ஐயா, படித்து மகிழ்ந்தேன், ஆனால் இசைய முடியவில்லை. பசலை பொன்னிறம் என்று சொல்லும் பாட்டுகளும் உண்டு, அதைப் பச்சை என்று நிறுவவே தனி இழை வேண்டும். பசப்பு என்றால் இன்றைக்கு ஏமாற்று என்ற பொருள்தான் முன்னால் வந்து நிற்கும், கம்பெனி கலப்படம் செய்துவிட்டது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். இங்கே யாரும் ஏமாற்றவில்லை.

இணைமாற்றியத்தை நானும் விட்டுவிடுகிறேன், ஒரு நிபந்தனையோடு. நாம் தேடும் சொல் நிறத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது, இரண்டு நிறங்களுக்கு இடையிலான உறவைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஒரே பெயின்ட், தனியாக, காலையில் ஒருவிதமாகவும் விளக்கில் ஒருவிதமாகவும் தெரிவது வேறு சங்கதி. அது எல்லாச் சுவருக்கும் கொஞ்சம் உண்டு. மெட்டாமெரிசத்துக்கு இரண்டு மாதிரிகள் வேண்டும், அவை ஏதாவது ஒரு வெளிச்சத்தில் பொருந்தியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுபவர்களே இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள், நாம் தமிழில் முதலிலேயே பிரித்துவிடலாமே. 'நிறமாற்றம்', 'நிறமயக்கம்', 'நிறப்பிறழ்ச்சி' எல்லாம் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. பிறழ்ச்சி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், லென்ஸ்பாடத்தில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

என் பரிந்துரை: 'ஒளிசார் பொருத்தம்'.

---

தே. எழுதியது:

இது பிடித்திருக்கிறது. ஆனால் கையேட்டில் இரண்டு இடங்களில் வருகிறதே. ஓரிடத்தில் 'இப்படிப் பொருந்துவது', இன்னோரிடத்தில் 'இந்தப் பொருத்தம் போய்விடுவது'. இரண்டுக்கும் ஒரே சொல்லா?

---

சா. எழுதியது:

இரண்டு சொல் வேண்டும். பொருந்தி நிற்பது ஒளிசார் பொருத்தம். விளக்கை மாற்றியதும் அது போய்விடுவது 'பொருத்த முறிவு'. முறிவு என்றால் எவருக்கும் புரியும்.

அப்புறம், சொல்லோடு நிறுத்தாமல் என்ன செய்வது என்றும் நாலு வரி சேர்த்துவிடுங்கள், கையேட்டின் பயனே அதுதான். மாதிரியை அட்டையில் அடித்து, முழுக்கக் காய்ந்தபின் ஜன்னலோரப் பகலொளியிலும் அந்த அறையில் இரவில் எரியும் அதே விளக்கிலும் பார்க்க வேண்டும். மெஷின் ரீடிங் ஒரு விளக்குக் கணக்கில் சரி என்றால் நம்பிவிடக் கூடாது. பளபளப்பும் ஒத்திருக்க வேண்டும், பளபளப்பில்லாத மேட் பெயின்டும் லேசாக மினுங்கும் சாட்டினும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நிறம் ஒன்றானாலும் வேறாகத்தான் தெரியும். வேறு கம்பெனி பெயின்ட் வாங்கியே தீர வேண்டும் என்றால் சுவரின் நடுவில் மாற்றாமல் மூலையில் மாற்ற வேண்டும். இரண்டு சுவரிலும் வெளிச்சம் எப்படியும் வேறுவேறாகத்தான் விழும், கண் அங்கே ஒப்பிட்டுப் பார்க்காது.

---

பு. எழுதியது:

'சார்' என்பதைப் பின்னொட்டாக்கி எல்லாவற்றிலும் ஒட்டும் இந்தப் பழக்கம் எனக்கு உவப்பில்லை. கல்விசார், பொருள்சார், இப்போது ஒளிசார். எல்லாப் பொருத்தமும் ஒளியைச் சார்ந்ததுதானே, இருட்டில் எந்த நிறமும் இல்லையே! சொல் எதையும் வரையறுக்கவில்லை. 'ஓரொளிப் பொருத்தம்' என்றால் ஓர் ஒளியில் மட்டும் பொருந்துவது என்று பொருள் தெளிவாக நிற்கும், உயிர்முன் ஓர் வந்து புணர்ச்சியும் முறையாக அமையும்.

---

மே. எழுதியது:

இலக்கணப்படி அழகுதான் ஐயா. பொருளில்தான் இடிக்கிறது. சில இணைகள் இரண்டு மூன்று விளக்குகளில் பொருந்திவிட்டு நாலாவதில் கைவிடும், அவற்றை 'ஓரொளி' என்று எப்படிச் சொல்வது?

---

தே. எழுதியது:

நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும் என்பதால் இங்கே நிறுத்துகிறேன். 'சாம்பல் பச்சை', 'ஒளிசார் பொருத்தம்', 'பொருத்த முறிவு'. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் மெட்டாமெரிசம் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், ஷேட் கார்டில் அந்தச் சொல்லைப் பார்ப்பவர் தொடர்புபடுத்திக்கொள்ள வேண்டுமே. மூலையில் மாற்றுவது பற்றிய குறிப்பையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் மிக்க நன்றி.

---

பு. எழுதியது:

அச்சுக்குப் போகட்டும், தடையில்லை. 'ஓரொளி'யில் மே. அம்மா காட்டிய குறை சரியானதே. அதற்காக 'ஒளிசார்' நிறைவாகிவிடாது. 'சிலவொளிப் பொருத்தம்' என்றால் இரண்டு குறையும் தீருமே? பசலை பச்சையா பொன்னா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன், சான்றுகளோடு வாருங்கள்.