பழைய சைக்கிளில் இறுகிப்போன சீட் போஸ்ட்: கழற்றியவர்களின் அனுபவங்கள்

முதலில் ஒரு காந்தத்தை எடுத்து போஸ்ட்டிலும் (சீட்டைத் தாங்கும் குழாய்) ஃப்ரேமிலும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒட்டினால் இரும்புக்குள் இரும்பு. நடுவில் இருப்பது வெறும் துரு, எண்ணெய்க்கு இளகும். போஸ்ட்டில் ஒட்டாமல் ஃப்ரேமில் மட்டும் ஒட்டினால் பெரும்பாலும் அலுமினிய போஸ்ட். சிரமம் அங்கேதான். மழைத் தண்ணீரும் வியர்வையும் இடுக்கில் இறங்கியதும் இரண்டு உலோகத்துக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கும். அரிபடுவது அலுமினியம். அதில் உண்டாகும் வெள்ளைப் பொடி, அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். அதனால் சுற்றிலும் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளில் இது இன்னும் மோசம்.

*

எண்ணெய் விடுவதில் பலரும் அவசரப்படுகிறார்கள். போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுசாகக் கழற்றி எடுங்கள். போஸ்ட் ஃப்ரேமுக்குள் நுழையும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, போஸ்ட்டில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தெரியும். மேலிருந்து விடும் எண்ணெய் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சு சுழலும் பாகம்) கழற்றி, ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி, சீட் டியூப் (போஸ்ட் நுழையும் ஃப்ரேம் குழாய்) வழியாக உள்ளே விடுங்கள். துருவைத் துளைக்கும் எண்ணெய்தான் வேண்டும். கிரீஸோ தையல் மெஷின் எண்ணெயோ இதற்கு ஆகாது. ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில் இன்னொரு முறை விடுங்கள். பிறகு போஸ்ட் தலையில் மரக்கட்டை வைத்து சுத்தியலால் கீழ்நோக்கி நாலு தட்டு. வெளியே எடுக்க வேண்டியதை ஏன் உள்ளே தட்டுவது என்று தோன்றும். ஆனால் பிடிப்பு முதலில் விடுபடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

*

அதற்கும் அசையாவிட்டால் இழுக்காதீர்கள், திருகுங்கள். சீட்டைக் கழற்றிவிட்டு போஸ்ட்டின் தலைப்பகுதியைப் பெரிய பெஞ்ச் வைஸில் (பட்டறை மேசையில் பொருத்திய இடுக்கி) கடிக்க வையுங்கள். சக்கரங்களைக் கழற்றிய ஃப்ரேம் தலைகீழாக மேலே நிற்கும். இப்போது ஃப்ரேமே நெம்புகோல். ஒரு கை ஹேண்டில்பார் நுழையும் ஹெட் டியூப் பக்கம், இன்னொரு கை சீட் டியூப்பை ஒட்டி. பின்பக்க முக்கோணத்தைப் பிடித்து மட்டும் திருகவே கூடாது, சக்கரம் உட்காரும் இடம் கோணிவிடும். இடமும் வலமுமாக, வெட்டி இழுக்காமல், நிதானமாக அழுத்தம் கொடுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்தது. உடனே எண்ணெய் விட்டு, திருகிக்கொண்டே மேலே கொண்டு வாருங்கள்.

பழைய ரோட்ஸ்டர்களில் (அந்தக் காலத்து கனமான சாதா சைக்கிள்கள்) வெறும் குழாயாக இருக்கும் போஸ்ட்டை அப்படியே வைஸில் வைத்தால் நசுங்கிவிடும். உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் கெட்டிக் கம்பி ஒன்றைச் சொருகிவிட்டுக் கடிக்க வையுங்கள்.

*

சூடு வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினிய போஸ்ட் உள்ளே இருக்கும்போது ஃப்ரேமைச் சுட்டால் சூடு போஸ்ட்டுக்கும் போய் இன்னும் இறுகும். அங்கே தேவை குளிர்ச்சி. போஸ்ட்டுக்குள் டிரை ஐஸைப் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) பொடித்துப் போட்டு, போஸ்ட் சுருங்கியிருக்கும்போதே திருகுங்கள். 27.2 மி.மீ. போஸ்ட் 60 டிகிரி குளிர்ந்தால் விட்டத்தில் சுமார் 0.04 மி.மீ. குறையும். சின்ன அளவுதான், ஆனால் அந்தப் பொடியின் பிடியை உடைக்க அது பல நேரம் போதும். வெறுங்கையால் டிரை ஐஸைத் தொடாதீர்கள். இரும்புக்குள் இரும்பு என்றால் ஃப்ரேமை வெளியிலிருந்து ஹாட் ஏர் கன்னால் சுடுவது நல்ல பலன் தரும், பெயின்ட் மட்டும் போகலாம்.

*

எதற்கும் மசியாத போஸ்ட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். போஸ்ட்டைக் காப்பாற்றப் போய் ஃப்ரேமைக் கெடுக்காதீர்கள். போஸ்ட் கடையில் கிடைக்கும், அந்தக் காலத்து ஃப்ரேம் கிடைக்காது. ஃப்ரேமுக்கு மேலே 3 செ.மீ. விட்டு போஸ்ட்டை வெட்டுங்கள். அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஹாக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கைப்பிடியாக்கி, பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் அறுங்கள். இழுக்கும்போது அறுக்கிற மாதிரி பல் உங்களைப் பார்த்து இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளி இரண்டாவது கோடு.

இங்கே வேலை கெடுவது இரண்டு விதத்தில். ஒன்று, அவசரத்தில் சீட் டியூப்பையே அறுத்துவிடுவது. நல்ல ஃப்ரேம்களில் அந்தக் குழாயின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நாலு இழுப்புக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியம் போய் வெள்ளைப் பொடியோ துருவின் செம்மையோ தெரிந்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். இன்னொன்று, அடி முனை வரை அறுக்காமல் விடுவது. கீழே அறுபடாத வளையம் ஒன்று மிச்சம் இருந்தாலும் முழுத் துண்டும் விடாது. முனையை வளைத்த கம்பியை உள்ளே விட்டு, கோடு அடிவரை போயிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு அந்தப் பட்டையை உளியால் உள்பக்கம் நெம்பி, மிச்சத்தை வைஸ் கிரிப் குறடால் சுருட்டி இழுக்கலாம்.

*

காஸ்டிக் சோடாவும் உண்டு, அலுமினியத்தைக் கரைக்கும், இரும்பைத் தொடாது. ஆனால் ஃப்ரேமும் அலுமினியம் என்றால் நினைக்கவே வேண்டாம். கரைசல் சுடும், ஹைட்ரஜன் வரும். திறந்தவெளி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை கட்டாயம், பக்கத்தில் நெருப்பு கூடாது. சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பெயின்ட்டும் போகும். அறுக்க முடிகிற வரை இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

புது போஸ்ட் வாங்கும் முன் சீட் டியூப்பை உப்புத்தாளால் சுத்தம் செய்து, வெர்னியர் அளவுகோலால் உள்விட்டம் அளந்துகொள்ளுங்கள். 26.8, 27.0, 27.2 என்று 0.2 மி.மீ. வித்தியாசத்தில் போஸ்ட்டுகள் உண்டு. ஒரு சைஸ் சின்னதைப் போட்டு கிளாம்ப்பை இறுக்கினால் கிளாம்ப் போல்ட் நுழையும் ஃப்ரேமின் காது வளைந்துவிடும். உள்ளே போகும் நீளம் முழுக்க கிரீஸ் தடவுங்கள். கார்பன் போஸ்ட்டுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று உள்ள பேஸ்ட் போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் போடுங்கள்.