சிறுதானியச் சிறப்பிதழுக்குக் கட்டுரை அனுப்பலாமா, வழக்கமான வழியே போகலாமா?

வேர்முடிச்சு:
வணக்கம். பூக்கும் பருவத்து வறட்சியைக் கேழ்வரகு எப்படித் தாங்குகிறது என்பது பற்றிய எங்கள் பேப்பர் கிட்டத்தட்டத் தயார். இரண்டு பருவ வயல் சோதனை, வேர் அளவீடு, கொஞ்சம் க்யூபிசிஆர் (ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் முறை). தாவர அறிவியல் இதழ் ஒன்றின் சிறுதானியச் சிறப்பிதழுக்கு அனுப்பச் சொல்லி, அந்த இதழை மட்டும் தொகுக்க வெளியிலிருந்து வந்த கெஸ்ட் எடிட்டர் மெயில் போட்டிருக்கிறார். 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டை ஒட்டி ஆரம்பித்த இந்த மாதிரி அழைப்புகள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. கைடு வேண்டாம் என்கிறார், லேபில் மற்றவர்கள் அனுப்பு என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பனங்காடு:
உங்கள் கைடு சொல்வதுதான் சரி. ஹிண்டாவி என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்துக்கு நடந்ததை மறக்க வேண்டாம். 2021இல் வைலி பதிப்பகம் அதை 298 மில்லியன் டாலருக்கு வாங்கியது. போலிக் கட்டுரை தயாரித்து விற்கும் பேப்பர் மில் ஆட்கள் உள்ளே நுழைந்த முக்கியமான வாசலே சிறப்பிதழ்கள்தான். 2022 அக்டோபரில் அவற்றை நிறுத்தி வைத்தார்கள். 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிண்டாவி என்ற பெயரையே கைவிடப்போவதாக அறிவித்தார்கள். அதே சிறப்பிதழ்களில் வெயிலில் நின்று தரவு எடுத்தவர்களின் கட்டுரைகளும் இருந்திருக்கும். நேர்முகத் தேர்வில் அந்த இதழின் பெயரைப் பார்த்ததும் முகம் சுளிப்பவரிடம் அவர்கள் என்ன விளக்கம் சொல்ல முடியும்?

மண்வாசம்:
பனங்காடு சார், ஒரு பதிப்பகம் செய்ததை வைத்து எல்லாச் சிறப்பிதழையும் ஒதுக்கிவிட முடியாது. 1887இலிருந்து வரும் ஆனல்ஸ் ஆஃப் பாட்டனி சிறப்பிதழ் போடுகிறது. ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் பாட்டனியும் போடுகிறது. இரண்டுமே ஆய்வாளர் சமூகத்தின் கையில் இருக்கும் இதழ்கள்.

வேர்முடிச்சு தம்பி சொல்லும் பயிரைப் பாருங்கள். கேழ்வரகு நான்மய இனம் (குரோமோசோம் நான்கு செட்), மொத்தம் 36 குரோமோசோம். ஏ, பி என இரண்டு மரபணுத்தொகுதி இருப்பதால் பெரும்பாலான ஜீனுக்கு இரண்டு நெருங்கிய பிரதிகள் உண்டு. பொது இதழில் இது ரிவ்யூவுக்கு, அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூட மாதிரிச் செடியில் வேலை செய்யும் ஆள் கையில் போய்ச் சேரும். அவர் எடுத்த எடுப்பில் "நாக்-அவுட் வரிசை (அந்த ஜீனை முடக்கிய செடிகள்) எங்கே?" என்று கேட்பார். கேழ்வரகில் அதை உருவாக்கவே தனியாக ஒரு பிஎச்டி வேண்டும். சிறுதானியம் தெரிந்த ரிவ்யூவராக இருந்தால், "உன் பிரைமர் (க்யூபிசிஆரில் ஜீனைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) எந்தப் பிரதியைப் பிடிக்கிறது?" என்று கேட்பார். பேப்பரைத் திருத்த உதவும் கேள்வி அதுதான். அந்த ரிவ்யூவர் கிடைக்கும் இடம் சிறப்பிதழ். "பொது ஆர்வம் போதாது" என்று ரிவ்யூவருக்கே போகாமல் ஒரே வரியில் டெஸ்க் ரிஜெக்ட் வாங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பனங்காடு:
மண்வாசம் மேடம், பிரைமர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் பயிர் தெரிந்த ரிவ்யூவரை வழக்கமான வழியிலும் பெறலாம். பல இதழ்களில் ரிவ்யூவர் பெயர்களைப் பரிந்துரைக்க இடம் உண்டு. கவர் லெட்டரில் "நான்மயப் பயிர்களில் வேலை செய்தவர் படித்தால் நல்லது" என்று காரணத்தோடு எழுதலாம்.

எனக்குப் பயம் வேறு. சிறுதானிய ஆய்வு சின்ன உலகம். கெஸ்ட் எடிட்டர் தன் பழைய மாணவர்களை அழைப்பார், அவர்கள் ஒருவர் பேப்பரை ஒருவர் படிப்பார்கள். எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம், ஆனாலும் கறாரான கேள்வி வராது. சுவிஸ் தேசிய அறிவியல் நிதியம் 2024 பிப்ரவரியிலிருந்து சிறப்பிதழ்க் கட்டுரைகளுக்கு, ஆசிரியர்கள் இதழுக்குக் கட்ட வேண்டிய வெளியீட்டுக் கட்டணம் தருவதை நிறுத்திவிட்டது. பணக்கார நாட்டு நிதியமே கையை எடுத்துக்கொண்ட இடத்தில், நம் புராஜெக்ட் பணத்தை ஏன் கொட்ட வேண்டும்?

குரக்கன்_யாழ்:
காசைப் பற்றிக் கதைத்தபடியால் நானும் ஒன்று சொல்லுறன். ஸ்பிரிங்கர் நேச்சர் பதிப்பகத்தின்ர முழுத் திறந்த அணுகல் (ஆரும் காசில்லாமல் வாசிக்கலாம்) இதழ்களில், கீழ்-நடுத்தர வருமான நாடாக இருந்து மொத்த உள்நாட்டு உற்பத்தி 200 பில்லியன் டாலருக்குக் குறைவாகவும் இருந்தால் கட்டணத்தில் பாதியைக் குறைப்பினம். இலங்கை அதுக்குள்ள வரும், இந்தியா வராது. அதனால தொடர்பு ஆசிரியர் (இதழோட கடிதத் தொடர்பு வைக்கிறவர்) எந்த நாட்டில இருக்கிறார் எண்டது முக்கியம். குறைப்பை அனுப்பேக்கயே கேக்க வேணும், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டுப் பலனில்லை. கட்டணமே வேண்டாம் எண்டால் ஆனல்ஸ் ஆஃப் பாட்டனி மாதிரி, வாசிக்கிறவை காசு கட்டுற சந்தா வழி உள்ள இதழைப் பாருங்கோ.

வேர்முடிச்சு:
நன்றி அண்ணா. தொடர்பு ஆசிரியர் எங்கள் கைடு, அதனால் அந்தச் சலுகை கிடைக்காது. அழைத்தவர் நல்லவரா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது?

மண்வாசம்:
ஆளைப் பார்க்காதே தம்பி, முடிவு யார் கையில் என்று பார். இதழின் நிரந்தர ஆசிரியர் கடைசிக் கையெழுத்துப் போடுகிறாரா? திறந்த அணுகல் இதழ்களைப் பட்டியலிடும் டோஆஜ் (DOAJ), சிறப்பிதழ்களுக்கும் தலைமை ஆசிரியரே பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. கெஸ்ட் எடிட்டரின் சொந்தக் கட்டுரைகள் அந்தச் சிறப்பிதழில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அவற்றை வேறொருவர் கையாள வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறது. ஏற்கனவே வெளியான கட்டுரைகளைத் திறந்து ஆசிரியர் பெயர்களை எண்ணிப் பார். அழைப்பு மெயிலில் உன் பயிரின் பெயர் இருக்கிறதா, இல்லை "உங்கள் சிறந்த ஆய்வைக் கண்டோம்" என்ற பொது வாசகம்தானா என்பதையும் பார்.

பிஎம்சி பிளாண்ட் பயாலஜி போன்ற இதழ்களில் சிறப்பிதழைக் கலெக்ஷன் என்ற பெயரில் நடத்துகிறார்கள். அனுப்பும் படிவத்தில் கலெக்ஷன் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற கட்டுரைகளுக்காகக் காத்திருக்காமல், ஏற்றவுடன் உன்னுடையது வெளியாகிவிடும்.

பனங்காடு:
அந்த விதிகளை நானும் மதிக்கிறேன். ஆனால் 2022இல் 16,000க்கும் மேல் கட்டுரை போட்ட ஒரு பொதுச் சுகாதார இதழை 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயின்ஸ் தன் ஆய்விதழ்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. கட்டுரைகள் இதழின் எல்லைக்குள் இல்லை என்பது காரணம். அதன் வீக்கத்தில் பெரும்பங்கு சிறப்பிதழ்களுக்கு உண்டு. பட்டியல் இன்று இருக்கும், நாளை போகும். யுஜிசி 2022 நவம்பரில் பிஎச்டிக்குக் கட்டுரைக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. பல்கலைக்கழகம் தனியாகக் கேட்டால் ஒழிய அவசரம் எதற்கு?

வேர்முடிச்சு:
எங்கள் பல்கலை இன்னும் கேட்கிறது சார். இரண்டு பேர் சொன்னதையும் வைத்து அந்தச் சிறப்பிதழின் கட்டுரைகளைப் பார்த்தேன். கெஸ்ட் எடிட்டர்கள் பெயர் பாதிக்கு மேல் வருகிறது. அதை விட்டுவிடுகிறோம். ஆனல்ஸ் ஆஃப் பாட்டனிக்கு வழக்கமான கட்டுரையாகவே அனுப்பக் கைடும் சம்மதித்துவிட்டார்.

மண்வாசம்:
நல்லது. அனுப்பும் முன் ஒவ்வொரு பிரைமரும் ஏ பிரதியையா பி பிரதியையா பிடிக்கிறது என்று துணைக் கோப்பில் அட்டவணை போடு. வயலின் மழையளவும் மண் ஈரமும் அதிலேயே இருக்கட்டும்.