காதல் கதையில் ஆசியப் பெண்: ஒரே அச்சில் வார்த்த கதாபாத்திரமாகாமல் எழுதுவது எப்படி?

கேள்வி:
நான் எழுதிவரும் காதல் நாவலின் நாயகி, ஹனோயில் மருந்தாளுநராகப் பணிபுரியும் 32 வயது வியட்நாமியப் பெண். தன்னைவிட நான்கு வயது இளையவனை அவள் விரும்புகிறாள். முதல் வரைவை வாசித்த வியட்நாமியத் தோழி, "அழகாக இருக்கிறாள், பொறுமையாக இருக்கிறாள், காத்திருக்கிறாள்; வேறு என்ன செய்கிறாள்?" என்று கேட்டார். பதறிப்போய் அவளை எவருக்கும் அடங்காத கோபக்காரியாக மாற்றி எழுதினேன். அதுவும் பொய்யாகவே ஒலிக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில் 1:
நீங்கள் எழுதிய இருவருமே பழைய வார்ப்புகள். 1904-இல் மிலானில் அரங்கேறிய 'மேடமா பட்டர்ஃப்ளை' இசைநாடகத்தில், அமெரிக்கக் கடற்படை அதிகாரிக்காகக் காத்திருக்கும் ஜப்பானியப் பெண் இறுதியில் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். 1989-இல் லண்டனில் மேடையேறிய 'மிஸ் சைகான்' அதே கதையை உங்கள் நாயகியின் நாட்டுக்கே கொண்டுபோனது. கவர்ச்சியும் சூழ்ச்சியும் நிறைந்த 'டிராகன் லேடி'யோ 1934-இல் தொடங்கிய ஓர் அமெரிக்கச் செய்தித்தாள் சித்திரத்தொடரில் பிறந்தவள். அடங்கியவளோ அடங்காதவளோ, ஆணைச் சாராத ஒரு நாள்கூட இவர்களுக்குப் பெரும்பாலும் எழுதப்படவில்லை. அவன் வருவதற்கு முந்தைய வாரம் உங்கள் நாயகி எதைப் பற்றிக் கவலைப்பட்டாள் என்று எழுதிப் பாருங்கள்; அந்தப் பக்கம் நாவலில் சேராமல் போனாலும் பரவாயில்லை.

பதில் 2:
'ஆசியப் பெண்' என்று பொதுவாக ஒருத்தி இல்லை. கொரியப் பெண் திருமணத்துக்குப் பின்னும் தன் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்கிறாள். ஜப்பானியச் சட்டமோ தம்பதியர் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் வேண்டும் என்கிறது. உங்கள் கதைக்கு வியட்நாமிய மொழியே பெரிய கொடை. வயதில் மூத்தவளை அவன் முதலில் 'சி', அதாவது அக்கா என்றுதான் அழைப்பான். காதலர்களுக்குள் ஆண் 'ஆன்', பெண் 'எம்'. 'ஆன்' என்றால் அண்ணன், 'எம்' என்றால் தம்பி அல்லது தங்கை என்ற பொருள்தரும் அதே சொற்கள். ஆகவே ஒருநாள் அவன் அவளை 'எம்' என்று அழைத்துவிட்டால், காதலைச் சொல்ல வேறு வசனமே தேவையில்லை. நீங்கள் என்பது நீ என்று மாறும் கணத்தைக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இது உடனே புரியும்.

பதில் 3:
பொறுமையை அடியோடு விலக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. பொறுமையான பெண்கள் இருக்கிறார்கள். அது அவனுக்காக மட்டும் செலவாவதுதான் சிக்கல். இரு மருத்துவர்கள் எழுதிய இரு சீட்டுகளோடு ஒரு முதியவர் வருகிறார். ஒரே ரத்த அழுத்த மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் இருப்பதைக் கண்ட அவள், ஒன்றைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கிறாள், எதிர்முனை எடுக்கும்வரை விடாமல் முயல்கிறாள். அந்தப் பொறுமையை வாசகர் நம்புவார். பாதாம் கண்களையும் பட்டுக் கூந்தலையும் அருள்கூர்ந்து நீக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஏழாம் அத்தியாயத்தை மாற்றி எழுதுகிறேன். கடையடைக்கும் நேரத்தில் அவன் முதன்முறையாக 'எம்' என்று அழைக்கிறான். அவள் கேட்டுவிட்டாள், ஆனாலும் அன்றைய கணக்கை எண்ணி முடித்து, பணப்பெட்டியைப் பூட்டிய பிறகுதான் நிமிர்கிறாள்.