ஹோஸ்டஸ் பேனலை வெட்டலாமா, கூடாதா?

தாள்பித்தன்:
1975 முதல் 1979 வரை அமெரிக்காவில் ஹோஸ்டஸ் என்ற கேக் கம்பெனி, தன் பெட்டிகளின் அடிப்பக்கத்தில் பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் போட்ட சேகரிப்பு அட்டை) அச்சிட்டு வந்தது. ஒரு பெட்டிக்கு மூன்று கார்டு சேர்ந்த ஒரு பேனல், வருடத்துக்கு 150 கார்டு. இன்று வெட்டாத பேனல் கைக்கு வந்தால் அதை வெட்டி ஆல்பத்தில் போடுவதா, அப்படியே வைப்பதா? வெட்டக் கூடாது என்பது என் கட்சி. அந்தக் காலப் பிள்ளைகள் கேக் தீருமுன்பே பெட்டியை வெட்டிவிட்டார்கள். அதனால் வெட்டிய கார்டு வேண்டிய மட்டும் இருக்கிறது, முழுப் பேனல்தான் அரிது. அரிதானதை அழித்து மலிவானதை உண்டாக்குவதில் என்ன லாபம்?

கத்தரிக்கோல்:
லாபக் கணக்கிலேயே ஆரம்பிக்கிறீர்களே! சுற்றிலும் புள்ளிக்கோடு போட்டுக் கொடுத்ததே வெட்டத்தானே? கம்பெனி பாதி வேலையைச் செய்தது, மீதியைப் பிள்ளை செய்தான். போஸ்ட் என்ற காலை உணவுச் சீரியலும் அப்படித்தான்: 1961, 62, 63 மூன்று வருடமும் டப்பாவின் பின்பக்கத்தில் வருடத்துக்கு 200 கார்டு. பின்புறம் வெறும் அட்டை, அச்சே கிடையாது. கத்தரி படாதவரை அது டப்பாவின் முதுகு, கார்டு இல்லை. பிள்ளை கோணலாக வெட்டிய, மிக்கி மேன்டில் போன்ற நட்சத்திர ஆட்டக்காரரின் கார்டுதான் அந்த விளையாட்டின் நேர்மையான சாட்சி என்பேன்.

பசைமடிப்பு:
இருவரும் கொள்கை பேசுகிறீர்கள், நான் கத்தி பிடிக்கிற முறையைச் சொல்கிறேன். கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். நீளக் கோட்டில் இரண்டு மூன்று முறை மூடித் திறக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு இடத்திலும் சிறு படி விழும். புது பிளேடு, இரும்பு அளவுகோல், வெட்டுப்பாய் போதும். அச்சுப் பக்கம் மேலே இருக்கட்டும். பிளேடு அட்டையின் நாரைக் கீழ்நோக்கி இழுப்பதால் பிசிறு பின்பக்கம் போய்விடும். அளவுகோலைக் கார்டின் மேல் வையுங்கள், கத்தி வழுக்கினால் கழிவுப் பக்கம்தான் கீறும். ஒரே இழுப்பில் அறுக்காமல் லேசாக மூன்று நான்கு முறை இழுங்கள். அழுத்தினால் சீரியல் அட்டையின் உள் அடுக்கு பிளந்து மூலை பொங்கும்.

இன்னொன்று. கோட்டுக்கு வெளியே வெட்டுங்கள், கோட்டின் மேல் வேண்டாம். தரச்சான்று கொடுக்கும் பிஎஸ்ஏ போன்ற இடங்களில், கையால் வெட்டிய கார்டுக்கு எண் மதிப்பு கிடைக்க நான்கு பக்கமும் எல்லை தெரிய வேண்டும். ஒரு பக்கம் உள்ளே போனாலும் 'அசல்' என்ற முத்திரையோடு சரி, எண் கிடையாது.

தாள்பித்தன்:
பார்த்தீர்களா, பசைமடிப்பு என் பக்கம்தான் பேசுகிறார். பக்கத்துப் பக்கத்துக் கார்டுகளுக்கு நடுவே ஒரே கோடு பொதுவாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கோடு ஏதாவது ஒரு கார்டுக்குத்தான் போகும். ஒருவனைக் காப்பாற்ற மற்றவனைப் பலி கொடுக்க வேண்டும். ராபின் யவுன்ட் என்ற நட்சத்திரத்துக்காகப் பக்கத்திலிருக்கும் பெயர் தெரியாத ஆட்டக்காரரை நறுக்குவது எந்த ஊர் நியாயம்?

போதாததற்கு, புதிதாக வெட்டிய ஓரம் தன்னையே காட்டிக்கொடுக்கும். அறுபது வருட அட்டையின் மேற்பரப்பு பழுப்பேறியிருக்கும், வெட்டுவாய் மட்டும் வெளிறித் தெரியும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் 1961-இல் வெட்டியதா, போன வாரம் வெட்டியதா என்று ஓரளவு தெரிந்துவிடும். உங்கள் 'நேர்மையான சாட்சி' அங்கேயே பொய்சாட்சி ஆகிவிடுகிறதே?

கத்தரிக்கோல்:
அது நியாயமான அடி. இன்று வெட்டுவதற்கும் அன்று வெட்டியதற்கும் வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுப் பேனலுக்கு மட்டும் கிரீடம் வைப்பதால் நடப்பதைப் பாருங்கள்: பிள்ளை வெட்டிய கார்டைக் குப்பை விலைக்குத் தள்ளுகிறார்கள். 62-இல் போஸ்ட், 'லைஃப்' பத்திரிகையில் மேன்டில், ரோஜர் மாரிஸ் இருவரின் கார்டையும் விளம்பர இணைப்பாகக் கொடுத்தது. அந்தத் தாள் டப்பா அட்டையை விட மெல்லியது. எந்தப் பிள்ளையும் அதற்காகச் சீரியல் தின்னவில்லை. ஆனாலும் அழகாக இருக்கிறது என்பதற்காகத் தேடுகிறார்கள்.

சோளப்பொரி:
'தின்று சம்பாதித்த கார்டு', 'தபாலில் வந்த கார்டு' என்ற சண்டை இதைவிடப் பழையது. கிராக்கர் ஜாக் சர்க்கரைப் பாகு பூசிய சோளப்பொரி. 1914-இல் 144 கார்டு, பொட்டலத்துக்குள் நேரடியாகப் போட்டார்கள். பாகுக் கறை படியாத 1914 கார்டு கிடைப்பது அதனால்தான் கஷ்டம். 1915-இல் 176 ஆக்கி, கூப்பன் அனுப்பினால் முழுத் தொகுப்பும் தபாலில் வரும் என்றார்கள்: 100 கூப்பன், அல்லது ஒரு கூப்பனும் 25 சென்ட்டும். சுத்தமான 1915 கார்டு நிறையத் தப்பியதற்குக் காரணம் இது.

இரண்டு வருடத்தையும் பிரிக்க, கார்டைப் பக்கவாட்டில் புத்தகப் பக்கம் போலப் புரட்டுங்கள். பின்புற எழுத்து நேராக வந்தால் 1914, தலைகீழாக வந்தால் 1915. கிறிஸ்டி மாத்யூசன் என்ற ஆட்டக்காரரின் கார்டுக்கு அந்தச் சிரமமும் வேண்டாம்: 14-இல் பந்தெறியும் படம், 15-இல் முகம் மட்டும்.

கத்தரிக்கோல்:
அப்படியானால் கறை படிந்த 1914 கார்டுக்கு ஏன் மரியாதை, கோணலான போஸ்ட் கார்டுக்கு ஏன் இல்லை? இரண்டையும் கெடுத்தது பிள்ளையின் கைதானே.

தாள்பித்தன்:
கறையை யாரும் புதிதாக உண்டாக்கப் போவதில்லை. கத்தியை எடுக்க ஆள் காத்திருக்கிறார்கள்.

பசைமடிப்பு:
வெட்டிய கார்டில் இருக்கிற நிஜமான தொல்லையை யாரும் சொல்லவில்லை. 1963-இல் போஸ்ட் கார்டும், ஜெல்-ஓ என்ற ஜெல்லி இனிப்புப் பெட்டியில் வந்த கார்டும் கிட்டத்தட்ட ஒன்றே, இரண்டும் ஜெனரல் ஃபுட்ஸ் சரக்கு. ஜெல்-ஓ அளவில் கொஞ்சம் சிறியது என்று சொல்லி அளவுகோலை எடுப்பார்கள். கையால் வெட்டிய கார்டில் அளவை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? 1962 ஆட்டக் கணக்குக்கும் மொத்தக் கணக்குக்கும் நடுவில் உள்ள சிவப்புக் கோட்டைப் பாருங்கள். போஸ்ட்டில் அது இரண்டு ஓரத்தையும் தொடுகிற மாதிரி நீளும். ஜெல்-ஓவில் எழுத்தை ஒட்டியே முடிந்துவிடும்.

பின்புறம் வெறுமையாக இருப்பதால் போலியடிப்பதும் சுலபம். லென்ஸில் அச்சுப் புள்ளிகளைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்தின் ஓரம் கத்தி போலிருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாக உடைந்திருக்கும்.

சோளப்பொரி:
வெட்டவே தேவையில்லாத கெல்லாக்ஸ் 3-டி கார்டை மறந்துவிட்டீர்கள். 1970-இல் தொடங்கி 83 வரை வந்தது. 1970-உம் 71-உம் தலா 75 கார்டு. 70-இன் முழுத் தொகுப்பைத் தபாலில் வாங்கலாம், 71 சீரியல் டப்பாவில் மட்டும். 71 தொகுப்பை முடிக்க இன்றும் திணறுவது அதனால்தான். இடையில் 73-இல் மட்டும் சாதாரண அச்சு, முப்பரிமாணம் இல்லை.

பசைமடிப்பு:
அதற்கு வேறு நோய். முன்பக்கம் வரிவரியான பிளாஸ்டிக், பின்பக்கம் காகிதம். ஈரமும் வெப்பமும் மாறும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்கி விரியாது, கார்டு வில்லாக வளையும். வளைந்ததைக் கையால் நிமிர்த்தினால் வரியோடு வரியாக மேலிருந்து கீழ் விரிசல் விடும். குளிர்ந்த அறையில் ஒருபோதும் செய்யாதீர்கள், ஹேர் டிரையரும் காட்டாதீர்கள். மெல்லிய உறையில் போட்டு, பாதி விறைப்பான உறைக்கு மாற்றி, சில வாரம் பொறுத்துக் கடைசியில் கெட்டி உறைக்குப் போங்கள். நிமிர்ந்துவிட்டது என்று வெளியே எடுத்தால் மறுபடி வளையும்.

கத்தரிக்கோல்:
சரி, பேனலை வெட்டாமல் எதில் வைப்பதாம்? ஹோஸ்டஸ் பேனல் 7¼ அங்குல நீளம், 3¼ உயரம். ஆல்பத் தாளில் நுழையாது. ரப்பர் பேண்ட் போட்டு இழுப்பறைக்குள் தள்ளுவதை விட 2¼ அங்குலக் கார்டாக வெட்டி ஒழுங்காக அடுக்குவது மேல்.

தாள்பித்தன்:
பணத்தாள் சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் மூன்று அறைத் தாள் இருக்கிறதே. வாங்குமுன் அறையின் உள்நீளம் 7½ அங்குலம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். பாலியெஸ்டராக இருக்க வேண்டும்; பிவிசி நாள்பட்டால் பிசுபிசுத்து அச்சோடு ஒட்டிக்கொள்ளும். முழு டப்பாவாகக் கிடைத்தால் பசை ஒட்டிய மடிப்பைப் பிரித்துத் தட்டையாக்குங்கள், உள்ளே தங்கிய துணுக்கைத் தூரிகையால் துடைத்துவிடுங்கள். பூச்சி அதற்குத்தான் வருகிறது.

பசைமடிப்பு:
ஒரு விலக்கு. பேனல் ஏற்கெனவே கிழிந்து, மூன்றில் ஒரு கார்டு பாழாகியிருந்தால் மற்ற இரண்டையும் பிரிக்கலாம். அதிலும் முதலில் ஸ்கேன், பிறகு கத்தி.

தாள்பித்தன்:
இரண்டு கார்டு ஒட்டியிருந்தால் ஒட்டியே இருக்கட்டும். பாழான மூன்றாவதையும் வெட்டி எறியாதீர்கள், எந்த மூவர் எந்தப் பேனலில் வந்தார்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

கத்தரிக்கோல்:
அதற்கு ஸ்கேன் போதும். எனக்கு ஆல்பத்தில் இடம் காலியாக இருக்கிறது.