நாட்டாமையில் இருப்பது ஆணா, ஆளா?

வைகைக்கரை:
"நாட்டாமை என்பது நாட்டாண்மை, அதாவது ஆம்பளை அதிகாரம். அதனால்தான் அடாவடிக்கு அந்தப் பெயர்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. வெள் + மை வெண்மை, கேள் + மை கேண்மை, ஆள் + மை ஆண்மை. ஆளும் தன்மை, அவ்வளவுதான். ஆணுக்கு இங்கே என்ன வேலை?

மேலவாசல்:
எழுதியது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். ஆண் + மை என்றாலும் ஆண்மைதானே வரும்? ஊர்க்கூட்டத்தில் எத்தனை பெண் நாட்டாமைகளைப் பார்த்தீர்கள்?

வைகைக்கரை:
உட்கார்ந்தது யார் என்பதா பேச்சு? சோழர் கல்வெட்டில் வரும் நாட்டார், பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு நிலம், வரி எல்லாம் பார்த்தவர்கள். அந்தப் பொறுப்புதான் நாட்டாண்மை. குறள் 1026 பாருங்கள்: "இல்லாண்மை ஆக்கிக் கொளல்". பரிமேலழகரும் குடியை ஆளும் தன்மை என்றுதான் சொல்கிறார். ஆள் + மை.

மேலவாசல்:
அதே குறளின் முதல் சொல் "நல்லாண்மை". அதை ஏன் விட்டீர்கள்? 148-இல் "பிறன்மனை நோக்காத பேராண்மை" யாருக்குச் சொன்னது? பெண்ணுக்கா?

புறக்கோட்டை:
கொழும்பில் நாட்டாமை என்றால் மூட்டை சுமந்து கைவண்டி இழுக்கிற தொழிலாளி. சிங்களத்திலும் நாட்டாமிதான். அவர் யாரை ஆள்கிறார்?

வைகைக்கரை:
அது வேறு கதை.

புறக்கோட்டை:
எங்கள் வழக்கு என்றாலே உங்களுக்கு வேறு கதைதான். போன மாதமும் இதையேதான் சொன்னீர்கள்.

செவ்வந்தி:
1994-இல் அந்தப் பேரில் படம் வந்த பிறகுதானே எல்லாரும் இப்படிப் பேச ஆரம்பித்தார்கள்?

மேலவாசல்:
படத்து நாட்டாமை நியாயவான். அதிலிருந்து அடாவடி எப்படி வரும்? படமே பார்க்காத என் பாட்டி "இங்க வந்து நாட்டாமை பண்ணாத" என்று சித்தப்பாவை விரட்டுவார்.

செவ்வந்தி:
உங்கள் பாட்டி என்ன அகராதியா?

மேலவாசல்:
பாட்டியை இழுக்காதீர்கள். பேசுகிறவர்களிடம்தான் சொல் இருக்கிறது.

வைகைக்கரை:
பாட்டி, படம், மூட்டை என்று எங்கே போனாலும் விதி மாறாது. ளகரத்துக்குப் பின் மகரம் வந்தால் ணகரம். ஆள் + மை. இலக்கணம் படித்தவர்களுக்கு இது புரியும்.

மேலவாசல்:
நானும் படித்தவன்தான்.

புறக்கோட்டை:
மூட்டைக்கு இன்னும் பதில் வரவில்லை.

வைகைக்கரை:
வேளாண்மையும் இதே கணக்குதான். நாளை விரிவாக எழுதுகிறேன். ஆள் + மை.

மேலவாசல்:
எழுதுங்கள். 148-க்குப் பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.